நூறு வோல்ட்

மின்சார நகர வாசல் என்று ஜெனோவா பலகையை வாசித்துச் சொன்னாள். ஸ்டேஷன் வாசலுக்கு இப்படியெல்லாமா பேர் வைப்பார்கள் என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள், அமலி கேட்கவில்லை. இந்த இடத்தைப் பற்றி முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டாயிற்று, புருஷன் கஸ்பார் வாயால், தூத்துக்குடி வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, "ஜப்பான்ல அகிஹபாரான்னு ஒரு எடம் இருக்கு அமலி, நம்ம ஊர்ல மீன் விக்க மாதிரி அங்க ரேடியோ விக்காவ, கூடை கூடையா." கப்பல்காரன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அப்போது நினைத்துச் சிரித்தாள். இப்போது பார்த்தால் அந்த மனுஷன் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான். எட்டு மாடிச் சுவர் முழுக்க ஒரு பெண்பிள்ளைப் படம், நீல முடி, ஜன்னல் அகலத்துக்குக் கண். அந்தக் கண் வேறு எங்கும் பார்க்காமல் அமலியின் கைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பையின் உள்ஜிப்பில் நகைக்கடையில் கொடுக்கிற சிவப்பு மணிபர்ஸ், மணிபர்ஸுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கேசட், கேசட்டுக்குள் கஸ்பார். செத்து இருபத்தெட்டு வருஷம் ஆனவன் கடைசியாகப் பேசியது, இதுவரை யாரும் கேட்காதது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவன் மகள் அதைக் கேட்டுவிடுவாள். கேட்டதும் தன் அம்மா என்ன செய்தாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "எம்மா, என்ன அங்கயே நின்னுட்ட? வா, ரோட்டுலயே நடக்கலாம், ஞாயித்துக்கெழம மத்தியானம் வண்டி விட மாட்டாங்க," என்று ஜெனோவா கையைப் பிடித்தாள். அமலி பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

வண்டியில்லாத அகலமான ரோட்டில் ஜனம் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருந்தது. காலையில் பூசை பார்த்துவிட்டு அதே சேலையோடு வந்தது தப்பாகிவிட்டது, காற்று சேலைக்குள் புகுந்து காலைக் கடித்தது. வெள்ளைக் கரை வைத்த கறுப்புக் கவுன் போட்ட ஒரு பெண் துண்டுக் காகிதம் நீட்டிக் கீச்சுக்குரலில் ஏதோ சொன்னது. வேலைக்காரி வேஷமாம், காப்பி ஊற்றித் தருகிறவர்களாம், வாங்க எஜமான் என்று கூப்பிடுவார்களாம். அமலிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அந்தக் குரல்தான் வரவிடவில்லை, சொல்லிச் சொல்லித் தேய்ந்து, ஆள் வேறெங்கோ இருக்க வாய் மட்டும் பேசுகிற குரல். அப்படி ஒரு குரல் அவளிடமும் இருந்தது. நாங்க இப்ப வீட்ல இல்ல. யார் போன் செய்தாலும், வீட்டில் யாராவது இருந்தாலும் இல்லாவிட்டாலும், கஸ்பார் கொண்டுவந்த போன் மெஷினுக்குள் இருந்து அவள் குரல்தான் அப்படிச் சொல்லும். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்த ஜெனோவா ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடுகிறேன் என்று பீரோவின் அடித்தட்டு பிஸ்கட் டின்னைத் திறந்து, இந்த மணிபர்ஸை எடுத்து, "இது என்னம்மா, இத்துணூண்டு கேசட்டு?" என்று கேட்டபோது, ஒன்றுமில்லை, பழசு, தூரப் போடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "உங்கப்பா பேசுனது." அதற்கப்புறம் பிள்ளை விடுமா? ஐந்து வயசில் அப்பாவைப் பறிகொடுத்தவள், அவருடைய சவரக் கிரீம் வாசனையும் ஒரு பனியன் தோளும் தவிர ஒன்றும் ஞாபகமில்லை என்கிறவள். ஜப்பானில் தான் இருக்கிற கவாசாகி ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு மாசம் தேடி, ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு கிழவர் கடையில் இதை ஓடவைக்கிற மெஷின் இருக்கிறது, நீயும் வா, ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்போம், நீ இல்லாமல் நான் கேட்கமாட்டேன் என்று டிக்கெட்டும் போட்டுவிட்டாள். அவள் தனியாகவே கேட்டுத் தொலைத்திருந்தால் இந்த ரோட்டில் இப்படி நடக்க வேண்டியிருக்காது.

பொம்மை விற்கிற மெஷின்கள் மட்டுமே உள்ள ஒரு கடை, நானூறோ ஐந்நூறோ, தரையிலிருந்து கூரை வரைக்கும், காசைப் போட்டுத் திருகினால் ஒரு உருண்டை விழும், உள்ளே என்ன என்று திறந்தால்தான் தெரியும். ஆளாளுக்குத் திருகிக்கொண்டிருந்தார்கள். திறக்காமலே வைத்துக்கொள்ள ஏன் யாருக்கும் தோன்றவில்லை? கஸ்பார் அந்தப் போன் மெஷினைக் கொண்டுவந்த நாளில் அதுவும் இப்படித்தான் ஒரு பெட்டிக்குள் பெட்டியாக வந்தது. யோகோஹாமாவில் கப்பல் நின்ற இரண்டு நாளில் ஓடிப்போய் இந்தத் தெருவில் வாங்கியது. தந்த நிறம், பக்கத்தில் ரிசீவர், நடுவில் கேசட்டுக்குக் கண்ணாடி மூடி, சிவப்பு விளக்கு. "நீ வீட்ல இல்லேன்னாலும் இது எடுத்துப் பேசும் அமலி. நான் எந்தத் துறைமுகத்துல இருந்து கூப்பிட்டாலும் ஒன் குரலாவது கேக்கலாம்லா." அதற்கு ஒரு குறை மட்டும் உண்டு. ஜப்பானில் கரண்டு நூறு வோல்ட், நம் சுவரில் இருநூற்று முப்பது. நடுவில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி வேண்டும், செங்கல் கனத்தில், எந்நேரமும் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருக்கும். கஸ்பார் அதன் தலையில் சாக்கட்டியால் பெரிதாக 100 என்று எழுதி, வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் வகுப்பெடுத்தான். அவன் கப்பலேறிய பிறகு அந்த வகுப்பை அமலி எடுத்தாள், பள்ளிக்கூடத்து டீச்சர்தானே. நேரே சுவத்துல சொருகுனா புகைஞ்சு போயிரும், யாரும் தொடாதீங்க. அழிந்த 100ஐ மாசத்துக்கொரு தடவை அவளே சாக்கட்டியால் திரும்ப எழுதுவாள். இதை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவளே எழுதுவாள். அந்த மாடலில் இன்னொரு கோளாறும் இருந்தது, ரிசீவரை எடுத்தாலும் டேப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் நிற்கும். ஒரு தடவை அவளும் தெரசம்மா மைனியும் அரை மணி நேரம் ஊர்வம்பு பேசியது அப்படியே பதிவாகிவிட்டது. கஸ்பார் லீவில் வந்து அதைக் கேட்டுவிட்டுத் அக்காளும் பொண்டாட்டியுமாக ஊரில் யாரையும் விடவில்லை நீங்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்புதான், அமலிக்கு இப்போதும் தூக்கத்தில் கேட்பது.

சுவரை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே பஞ்சுப் பொம்மைக் குவியல், மேலே இருந்து ஒரு இரும்புக் கை இறங்கி ஒரு பொம்மையைக் கவ்வித் தூக்குகிறது, பாதி தூரம் வந்ததும் விட்டுவிடுகிறது. ஒரு மனுஷன் விடாமல் காசு போட்டுக்கொண்டே இருந்தான். எடு, விடு, எடு, விடு. ஒரு கையை நீட்டி எடுப்பதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. சனிக்கிழமை, ஜூன் மாசம், மத்தியானம் இரண்டரை. இதுதான் கடைசிக் கப்பல், வந்ததும் கரையிலேயே இருப்பேன் என்று மாதா மேல் சத்தியம் செய்துவிட்டுப் போனவன், கப்பலிலிருந்தே இன்னும் ஆறு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று கடுதாசி எழுதியிருந்தான். அந்தக் கடுதாசி வந்த மறுநாள் போன் அடிக்கிறது. அவனாகத்தான் இருக்கும் என்று தெரியும். நாலு தடவை மணி அடிக்கிறது. டக். நாங்க இப்ப வீட்ல இல்ல என்று அவள் குரல் அவளுக்கே சொல்கிறது. பீப். ஸ்பீக்கரில் அவன் வருகிறான், "அம..." அவ்வளவுதான். அவள் விரல் சத்தத்தைக் குறைக்கிற சக்கரத்தைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக அந்த 'அம' அவளுக்குள் முடியாமல் நிற்கிறது. குழாயில் தண்ணீர் விழும்போது, பஸ்ஸில் யாரோ யாரையோ கூப்பிடும்போது, பூசையில் எல்லோரும் ஆமென் சொல்லும்போது, அம. அப்புறம் இரண்டாவது தடவை அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதறட்டும் என்று நினைத்தாள், ஆமாம், அப்படித்தான் நினைத்தாள், வேறு நல்ல வார்த்தை எதற்கு. மூன்றாவது தடவை அடித்தபோது இருப்புக்கொள்ளாமல் துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய், காய்ந்த துணியை மார்போடு கட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் பார்த்தபடி நின்றாள். கீழே வந்தபோது விளக்கு மூன்று தடவை மினுங்கி நின்று, மறுபடி மூன்று தடவை மினுங்கியது. ஜெனோவா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். போன் மேஜைக்குப் பக்கத்தில் முக்காலி. அடுப்படி முக்காலி. அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். அந்த மத்தியானத்தை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் இந்த முக்காலி வந்து வழியில் நிற்கும். துக்கத்துக்கும் முக்காலிக்கும் என்ன சம்பந்தம், மனசு எதையாவது பிடித்துத் தொங்குகிறது என்று விட்டுவிடுவாள். திங்கட்கிழமை மறுபடி போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், ஏச வேண்டியதையெல்லாம் வாயில் தயாராக வைத்துக்கொண்டு. பேசியது கம்பெனி ஆள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில், ஞாயிற்றுக்கிழமை, கப்பலின் அடிக்கிடங்குக்குள் விழுந்துவிட்டார் என்றான்.

"எம்மா, குளிருதா? சூடா டீ வாங்கட்டா?" என்று ஜெனோவா ஒரு மெஷினைத் தட்டி ஒரு டப்பாவை எடுத்துக் கையில் வைத்தாள். டப்பா சுட்டது. பிள்ளைக்கு அவன் நெற்றி. முப்பத்து மூன்று வயசு. அன்றைக்கு அமலிக்கும் முப்பத்து மூன்று. "நீ பயப்படுதியாம்மா?" "எதுக்கு?" "அப்பா கொரல கேக்குறதுக்கு." அமலி டீயைக் குடித்தாள், நாக்கு பொத்துப்போனது, பதில் சொல்லாமல் இருக்க அது ஒரு சாக்கு. இப்போது சொல்லிவிடலாம். போன் வந்தப்ப நான் கோயிலுக்குப் போயிருந்தேன்னு சொன்னது பொய்யி, ஜெனோ. ஒரு வரிதான். வாய்க்குள் அதைச் சரியாக அடுக்கிக்கூட வைத்தாள். அதற்குள் பிள்ளை, "நல்ல வேளை, நீ அன்னைக்குக் கோயிலுக்குப் போன. வீட்ல இருந்து எடுத்துருந்தன்னா இந்தக் கேசட்டே இருந்துருக்காது, இல்ல?" என்றாள். அடுக்கி வைத்தது எல்லாம் சரிந்தது. அமலி காலி டப்பாவைப் போடக் குப்பைத்தொட்டி எங்கே என்று தேடினாள்.

ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்ததும் வெளிச்சம் மாறியது. ஓர் ஆள் போனால் இன்னோர் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து, இரண்டு பக்கமும் அலமாரி அகலத்துக்குக் கடைகள், ஸ்விட்ச் மட்டும் விற்கிற கடை, ஒயர் மட்டும், குண்டுமணி அளவு பல்பு மட்டும், மேலே ரயில் போகும்போதெல்லாம் டப்பாக்களில் இருந்ததெல்லாம் கிலுகிலுத்தது. கஸ்பார் இந்தச் சந்தில் நின்றிருப்பான். அவன் அகலத்துக்குத் தோளைச் சரித்துக்கொண்டுதான் நடந்திருப்பான். அமலிக்கு முன்னால் ஒரு முதுகு தோளைச் சரித்துக்கொண்டு நடந்தது, திரும்பினால் வேறு முகம், ஜப்பான் முகம், அவள் தேவையில்லாமல் அதற்குத் தலையசைத்தாள். ஒரு தட்டு நிறைய வெள்ளைக் கட்டைகள். தட்டைக் கால் ப்ளக்கை உருண்டை ஓட்டையில் சொருகுவதற்கானவை. அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. ஊரில் எல்லோரும் அறிந்த கதை இது: அடக்கம் முடிந்து ஏழாம் நாள் பூசைக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். தெரசம்மா மைனி, கஸ்பாரோடு கூடப்பிறந்தவள், "எந்தம்பி கடேசியாப் பேசுனது அதுக்குள்ள இருக்காம்லா, போடு அமலி, ஒரு தடவ கேட்டுக்கிடுதோம்" என்று அழுதாள். சவப்பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று மெஷினைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தது, ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, பாவம் அமலி, புத்தி ஒரு நிலையில் இல்லாமல் ப்ளக்கை நேரே சுவரில் சொருகிவிட்டாள். புகை. கருகிய நாற்றம். கேசட்டும் உருகிட்டு என்று அவள் சொன்னதும் மைனியே அவளைக் கட்டிக்கொண்டு, "நீ என்னளா செய்வ, தெரியாம செஞ்சது" என்றாள். தெரியாமல் செய்தது. உருகாத கேசட் பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று, இந்த வார்த்தையைச் சோற்றோடு சேர்த்து இருபத்தெட்டு வருஷம் தின்றாயிற்று. ஆனால் தட்டைக் கால் ப்ளக் நம் ஊர்ச் சுவரில் நுழையாதே. அதற்கு இந்த வெள்ளைக் கட்டை வேண்டுமே. கஸ்பாருடைய சவர மெஷினுக்கு ஒன்று இருந்தது, மேஜை டிராயரில், மெழுகுதிரிகளுக்கு அடியில். அன்றைக்கு அமலி நாலு எட்டு நடந்து போனாள். டிராயரைத் திறந்தாள். மெழுகுதிரிகளை ஒதுக்கினாள். இல்லை, யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். யார்? யாருமில்லை. நாலு எட்டு நடக்கிறவளுக்கு, கட்டிலுக்கு அடியிலிருந்து 100 என்கிற எழுத்து, அவளே எழுதின எழுத்து, கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

"ஒரு நிமிசம்மா, கடை தொறந்துருக்கான்னு பாத்துட்டு வந்துருதேன்," என்று ஜெனோவா சந்துத் திருப்பத்தில் மறைந்தாள். அடுத்த கடை காந்தக் கடை. காசு அளவில், பொத்தான் அளவில், உள்ளங்கை அளவில், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடந்தன. கேசட்டைக் காந்தத்துக்குப் பக்கத்துல கொண்டு போகாத, பேசுனதெல்லாம் அழிஞ்சு போயிரும். இதுவும் கஸ்பார் வகுப்புதான். அமலி சுற்றிலும் பார்த்தாள். கடைக்காரன் குனிந்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தான். கைப்பை கனக்கிறது, வயசான பொம்பளை, ஒரு நிமிஷம் எதன் மேலாவது வைப்பது குற்றமா? தெரியாமல் வைத்துவிட்டேன் ஜெனோ. எவ்வளவு சுலபமாக வருகிறது இந்த வரி. பையை அந்தப் பெரிய காந்தங்களின் தட்டில் வைத்தாள். பையின் கொக்கி டக்கென்று ஒட்டிக்கொண்டது. மேலே ரயில் வந்தது, சந்தே அதிர்ந்தது, அந்தச் சத்தம் முடிகிற வரைக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சத்தம் முடிவதற்கு முன்னாலேயே அவள் கை பாய்ந்து பையைப் பிடுங்கியது. கொக்கி விடவில்லை, இழுத்தாள், இரண்டு காந்தம் தரையில் விழுந்து ஓடின. கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். அமலி பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். மாதாவே, நான் திருந்தவே இல்லை.

கடை என்று சொல்ல முடியாது, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் கிழவர், கிழவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் பழைய மெஷின்கள். எழுபது தாண்டியிருக்கும், நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி. ஜெனோவா ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்ல, அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். தந்த நிறம். பக்கத்தில் ரிசீவர். கண்ணாடி மூடி. சிவப்பு விளக்கு. எரித்தது திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அமலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "இதே மாடல்தானாம்மா?" என்றாள் ஜெனோவா. "ம்." "கேசட்ட எடும்மா." அமலி மணிபர்ஸை எடுத்து நீட்டினாள். ஜெனோவாதான் வாங்கித் திறந்தாள். கிழவர் கேசட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், ஒரு பென்சிலைச் சொருகி மெதுவாக முழுக்கச் சுற்றினார், ஊதினார், உள்ளே வைத்து மூடினார். அப்புறம் ப்ளக்கை எடுத்து, எதையும் யோசிக்காமல், யாரையும் கேட்காமல், நேரே சுவரில் சொருகினார். அமலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். புகை வரவில்லை. நாற்றம் வரவில்லை. இங்கே சுவரே நூறு வோல்ட் என்பது அப்புறம்தான் உறைத்தது. சிவப்பு விளக்கு அமைதியாக எரிந்தது.

கிழவர் பொத்தானை அமுக்கினார். உஸ்ஸ் என்றது. உஸ்ஸ் என்றே போய்க்கொண்டிருந்தது. ஜெனோவா ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டு போனாள். ஒன்றுமில்லை. அழிந்துவிட்டது, அழித்துவிட்டாள், ஒரு ரயில் போகிற நேரத்தில் அவனை மறுபடியும் கொன்றுவிட்டாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இதைத்தானே வேண்டினாள், இருபத்தெட்டு வருஷமாக வேண்டினாள். ஆனால் நெஞ்சு முழுக்க வேறொன்று எழும்பியது, அலறல் மாதிரி ஒன்று, பேசு, பேசித் தொலை, என்ன வேண்டுமானாலும் சொல்லு, அந்த 'அம'வை முடி. டக் என்றது. ஒரு பெண்குரல், கணீரென்று, கர்வத்தோடு, "வணக்கம். நாங்க இப்ப வீட்ல இல்ல. பீப் சத்தம் கேட்டதும் நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லுங்க." பின்னால் ஒரு ஆம்பளை சிரிப்பை அடக்குகிற மூச்சு. "இது நீயாம்மா?" என்றாள் ஜெனோவா. பீப். "அமலி. நாந்தான். எடு." ஜெனோவா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அமலி. கோவமா இருக்க, அப்படித்தான. சரி, பெறகு கூப்பிடுதேன்." பீப். "அமலி, டர்பன்ல நிக்கோம். சொன்ன சொல்ல மீறிட்டேன், தப்புதான். நேர்ல வந்து ஏசு. நீ வீட்லதான் இருக்கன்னு தெரியும்ட்டி. சனிக்கெழம மத்தியானம் நீ எங்க போவ? ஒரு வார்த்த பேசு." வந்துவிட்டது. இதுதான். அமலி மகளைப் பார்த்தாள். மகள் இவளைப் பார்க்கவில்லை, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மேஜையில் சொட்டியது. பீப். மூன்றாவது. மொட்டைமாடி, காய்ந்த துணி, துறைமுகம். "அமலி, சில்லற தீந்துட்டு, இதான் கடேசி..." தரையில் ஏதோ இழுபடுகிற சத்தம். மரம். கடகடவென்று ஏதோ ஆடியது. அப்புறம் மூச்சு, பக்கத்தில், மிகப் பக்கத்தில், சின்ன மூச்சு.

"அப்பா."

"ஏ, ஜெனோவா! நீ எப்படிட்டி எடுத்த?"

"முக்காலில ஏறி."

"அம்மா எங்க?"

"மாடில. அம்மா போனையே பாத்துட்டு இருந்தா. எடுக்க மாட்டேங்கா."

கடலிரைச்சலோ கம்பியிரைச்சலோ கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் அவன் சிரித்தான். அதே சிரிப்பு. "சரி சரி. நான் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லாத. நீ எடுத்தன்னும் சொல்லாத, ஒன்னையும் சேத்து ஏசுவா. போயி படுத்து, தூங்குத மாதிரி கண்ண மூடிக்க. திங்கக்கெழம நான் மறுபடி கூப்பிடுதேன். திங்கக்கெழம எடுத்துருவா பாரு, அவளுக்கு ரெண்டு நாளுக்கு மேல கோவம் நிக்காது." "எப்பப்பா வருவ?" என்று குழந்தை கேட்டது. லைன் அறுந்தது. டேப் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, யாரும் சிவப்புப் பொத்தானை அமுக்கவில்லை. பாய் சரசரக்கிற சத்தம் தூரத்தில். கொஞ்ச நேரம் கழித்து யாரோ மாடிப்படியில் இறங்கி வருகிற சத்தம். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகிற சத்தம். அதோடு டேப் முடிந்து நின்றது.

மேலே ஒரு ரயில் போயிற்று. ஜெனோவா முகத்தைத் துடைத்தாள். "அந்த முக்காலி எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள். "கனவுன்னு நெனச்சுட்டு இருந்தேன்மா. சொல்லாதன்னு அப்பா சொன்னாருல்ல, அதான் ஒன்கிட்ட கேக்கவே இல்ல." அமலிக்கு அதற்கப்புறம் எதை மறைக்க? "அந்த மெஷின நான் தெரிஞ்சேதான் எரிச்சேன், ஜெனோ," என்றாள். குரல் சாதாரணமாக வந்தது, கடையில் ஒரு சாமான் கேட்கிற மாதிரி. "நான் எடுக்கலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும்னு. டிராயரத் தொறந்து கட்டைய எடுத்தேன். 100ன்னு எழுதுன பெட்டிய பாத்தேன். பாத்துட்டுத்தான் சொருகுனேன்." ஜெனோவா மேஜை மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "அவரு கோவிக்கவே இல்லயேம்மா," என்றாள். "சிரிக்கத்தான செஞ்சாரு. இருவத்தெட்டு வருசம் எங்கப்பா கொரலே எனக்கு இல்லாமப் போச்சே." அமலி தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் பிள்ளை சரி என்று சொல்லிவிடுவாள், சொல்லவைப்பதும் இன்னொரு திருட்டு. கேட்கவில்லை.

ஒரு வார்த்தையும் புரியாத கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேசட்டைத் திரும்பச் சுற்றி, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். இன்னொரு தடவையா என்று கேட்கிறார். ஜெனோவா எழுந்து போகவில்லை. அமலி நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிழவரின் கை வருவதற்குள் தானே கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். உஸ்ஸ். டக். நாங்க இப்ப வீட்ல இல்ல என்று அந்தக் கர்வக்காரி சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பீப்.

"அமலி. நாந்தான். எடு."

"சொல்லுங்க," என்றாள் அமலி.